மருந்தென வந்த மது

மருத்துவமனைக்குப் புதிதாகச் செல்வோரிடம் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்வர். பெயர், அகவை, முன்பு கண்ட நோய்கள், இப்போது உண்ணும் மருந்துகள் என்று தொடரும் வினாக்களின் நடுவே, 'புகைப்பதுண்டா? மது அருந்துவதுண்டா?' என்னும் இரண்டும் தவறாமல் இடம்பெற்றிருக்கும். நாம் மும்பைக்கு வந்து சேர்ந்த 1971-ஆம் ஆண்டு முதல் எத்தனையோ தாள்களில் இவ்விரு வினாக்களுக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதியிருக்கிறோம். எழுதுந்தோறும் உள்ளத்தில் ஒரு சிறு பெருமிதமும் எழுவதுண்டு. ஆனால் அவ்வாண்டுகளுள் ஏழாண்டுகள் நாம் எழுதிய விடை பொய். பொய்யென்று உணராமலே எழுதிய பொய். தெரிந்து சொல்லும் பொய்யைவிட உணராமல் சொல்லும் பொய்யே நெடுநாள் நிலைக்கும் போலும்! அந்த ஏழாண்டுகளைப் பற்றியே இச்சங்க மலரில் சில சொற்கள் எழுத விழைகிறோம். பிறந்த மண்ணை விட்டு வந்து, பிள்ளைகளை இங்கே ஆளாக்கி, இப்போது நெஞ்சுவலிக்கும் நீரிழிவுக்கும் மருந்துண்டு வாழும் நம் போன்ற குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றிரண்டுக்கேனும் இது பயன்படலாம்.

தமையனும் தாயும்

நம் ஊர் கோவில்பட்டி. 1948 முதல் அன்றைய சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தமையால், நாம் வளர்ந்த காலத்தில் மதுக்கடை என்ற ஒன்றை ஊரில் கண்டதில்லை. காட்டுப்புறத்தில் களவாகக் காய்ச்சுவோரைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டு, அவ்வளவே. 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த திங்களே நாம் வேலை கிடைத்து மும்பைக்கு வண்டியேறினோம். பஞ்சாலையில் வேலை பார்த்துவந்த நம் தமையனார், நம்மினும் எட்டாண்டு மூத்தவர், நம்மை வழியனுப்ப வந்த இரவில்தான் முதன்முதலாக அவர் வாயில் அந்த வாடையை உணர்ந்தோம். வாலிப விளையாட்டு என்று எண்ணி அதனைப் பெரிதுபடுத்தவில்லை.

இடையில் சில ஆண்டுகள் கடைகள் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறந்தன. தமையனாரின் வாழ்வும் அவ்வாறே மூடியும் திறந்தும் நடந்தது. 1986-இல் கண்களும் உடலும் மஞ்சள் பூத்து, வயிறு நீர் கோத்து, நாற்பத்தைந்தாம் அகவையில் அவர் மறைந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், தாயார் நம்மை விளக்கின் முன் நிறுத்தி, "நீயாவது அதைத் தொடமாட்டேன் என்று சொல்லப்பா" என்றார். நாமும் சொன்னோம். அவர் மறைந்த 1998 வரையிலும், அதன் பின்னர்ப் பதினான்கு ஆண்டுகளும் அவ்வாக்கு பழுதுபடவில்லை.

அலுவலகத்தில் அதற்குச் சோதனைகள் இல்லாமல் இல்லை. பழைய மும்பை மாகாணத்தின் மதுவிலக்குச் சட்டம் 1949-இல் இயற்றப்பட்டது. பின்னாளில் அதன் கடுமை தளர்ந்து, அனுமதிச் சீட்டு வைத்திருப்போர் அருந்தலாம் என்னும் நிலை வந்தது. நம்முடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் தம் சட்டைப் பையில் அச்சீட்டை வைத்திருப்பார். ஒரு நாள் அதனை வாங்கிப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம் உடல்நலத்தைப் பேணிக் காத்துக்கொள்ளும் பொருட்டே அவருக்கு மது தேவைப்படுகிறது என்று அதில் அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்திருந்தது! "ஐயா, உம் உடல்நலம் மாலை ஆறு மணிக்கு மேல்தான் கெடும் போலும்" என்று அவரைக் கேலி செய்தோம். அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்த நாமே ஒருநாள் அதே காரணத்தைச் சொல்லிக் கோப்பையை எடுப்போம் என்று அன்று யார் எண்ணினார்?

திராட்சை வந்த வழி

2011-ஆம் ஆண்டு நமக்கு நெஞ்சுவலி கண்டது. இதயத் தமனி ஒன்றில் அடைப்பு என்று கண்டு, 'ஸ்டென்ட்' பொருத்தி அனுப்பினர். அடுத்த பொங்கலுக்குப் புனேயிலிருந்து வந்த மகன், வழக்கமான கரும்புடனும் மஞ்சட்கொத்துடனும் ஓர் அழகிய புட்டியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். நாசிக்கில் விளைந்த திராட்சையிலிருந்து எடுத்த சிவப்பு ஒயின்.

"அப்பா, இது சாராயம் இல்லை. பழத்தின் சாறு. தினமும் கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று உலகமே சொல்கிறது."

நம் இல்லத்தாள் சமையலறை வாயிலில் நின்றபடியே, "அத்தைக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?" என்றாள். மகன் சிரித்தான். நாமோ சிந்திக்கத் தொடங்கினோம். சிந்திக்கத் தொடங்கியதுதான் முதற்பிழை. ஏனெனில் விருப்பம் ஒரு பக்கம் நின்றுகொண்டிருக்கும்போது செய்யும் சிந்தனை நீதிபதியாக இராது, வழக்கறிஞராகவே இருக்கும். சிறுவயதில் காய்ச்சல் விட்டபின் தாயாரே நமக்குத் திராட்சாரிஷ்டம் ஊட்டியதுண்டு அன்றோ? அரிட்டமும் புளிக்கவைத்ததுதானே? பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி கொடுத்த பாட்டிமார் நம் ஊரில் இருந்ததில்லையா? அப்படியானால் மருந்தாக உண்பது வேறு, மதுவாக உண்பது வேறு. தாயார் தடுத்தது இரண்டாவதையே. இவ்வாறு வாதிட்டு வென்றோம். எதிர்வாதி அவ்வுலகில் இருந்தார். மறுமொழி சொல்ல வரவில்லை.

மருந்து என்றே தொடங்கினோம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இருமல் மருந்துப் புட்டியோடு வரும் சிறு அளவுக் குவளையைக் கழுவி எடுத்து, நாளும் இரவு உணவுக்குப்பின் அறுபது மில்லிலிட்டர் அளந்து, முகத்தைச் சுளித்தபடி விழுங்கினோம். 750 மில்லிலிட்டர்ப் புட்டி பன்னிரண்டு நாள் வந்தது. ஆனால் திறந்த ஒயின் நான்கைந்து நாளில் சுவை கெடத் தொடங்கும். பன்னிரண்டாம் நாள் அது காடியாகவே மாறிவிடும். வீணாக்கலாகாது என்னும் நடுத்தரக் குடும்பத்துச் சிக்கனம் குறுக்கே வந்தது. கெடுமுன் முடித்துவிட வேண்டும் என்று அளவைக் கூட்டினோம். குவளை போய் எவர்சில்வர்த் தம்ளர் வந்தது. தம்ளர் போய்க் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை வந்தது. முகச்சுளிப்பு எப்போது நின்றது என்பது நினைவில்லை.

இல்லத்தாள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் பாற்கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு புதுப்புட்டியும் திறந்த நாளைக் குறித்து வந்திருக்கிறாள். அதனைப் பின்னரே கண்டோம். 2012-இல் பன்னிரண்டு நாளுக்கு ஒன்று. 2015-இல் ஆறு நாளுக்கு ஒன்று. 2018-இல் மூன்று நாளுக்கு ஒன்று. தேதிகளன்றி வேறொன்றும் அப்பக்கத்தில் இல்லை.

தாளின் பின்புறம்

2019 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, நெஞ்சுக்குள் ஒரு பறவை சிறகடிப்பது போன்ற உணர்ச்சியோடு விழித்தோம். நாடி ஒழுங்கின்றித் துடித்தது. மருத்துவமனையில் மின்னிதயப் பதிவு எடுத்துப் பார்த்து, இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றனர். அதனால் அறைக்குள் குருதி தேங்கி உறையக்கூடும். உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். குருதி உறையாதிருக்க மருந்து தொடங்கினர். அப்போது பணியிலிருந்த பெண் மருத்துவர், நம் தாளைப் பார்த்தபடியே, மது அருந்துவதுண்டா என்று வாயாலும் கேட்டார். இல்லை என்றோம். அருகில் நின்ற இல்லத்தாள் மெல்லிய குரலில், "உள்ளதைச் சொல்லிவிடுங்களேன்" என்றாள்.

அம்மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. தாளைத் திருப்பிப் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒயினில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சாராயம் என்று கொண்டால், 150 மில்லிலிட்டர்க் கோப்பை ஒன்றில் இருப்பது ஏறத்தாழ பதினைந்து கிராம் தூய சாராயம். நம் நாட்டு விஸ்கியில் நூற்றுக்கு 42.8 பங்கு; அதில் 45 மில்லிலிட்டர் அளந்தாலும் அதே பதினைந்து கிராம்தான். நாம் அந்நாட்களில் இரவுதோறும் அருந்திவந்த 250 மில்லிலிட்டர் ஒயின், 75 மில்லிலிட்டர் விஸ்கிக்கு நிகர். கல்லீரலுக்குப் புட்டியின் வடிவமும் தெரியாது, விலையும் தெரியாது. உள்ளே வருவது எத்தனை கிராம் என்பது ஒன்றே அதற்குத் தெரியும் என்றார்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 75 மில்லிலிட்டர்! யாரேனும் இரவுதோறும் அந்த அளவு விஸ்கியை நம் முன் வைத்திருந்தால், தமையனாரின் மஞ்சள் பூத்த கண்கள் நினைவுக்கு வந்து எழுந்து போயிருப்போம். திராட்சையின் நிறத்தில் வந்தமையால் ஏழாண்டுகள் நாமே ஊற்றிக்கொண்டோம்.

பாரிசிலிருந்து பரவிய பேச்சு

இல்லம் திரும்பியபின், உலகமே சொல்கிறது என்று மகன் கூறிய செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிப் படிக்கலானோம். ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

பிரெஞ்சு மக்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாக உண்கின்றனர். ஆயினும் அவர்களிடையே இதய நோய்ச் சாவுகள் குறைவாகப் பதிவாகின்றன. இதனைப் 'பிரெஞ்சு முரண்' என்றனர். 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில், செர்ஜ் ரெனோ என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் இதற்குச் சிவப்பு ஒயின் காரணமாகலாம் என்றார். அதன்பின் அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை மளமளவென உயர்ந்தது. இதில் ஒரு விந்தை என்னவெனில், பிரான்சு நாட்டின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1988-இல், மதுபானங்களைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பில் சேர்த்திருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு எவரும் கடைக்கு ஓடவில்லை. நாவுக்கு இனிய செய்திக்குக் கால்கள் மிகுதி.

பின்னர் வந்த ஆய்வாளர் அந்த முரணையே ஒவ்வோர் இழையாகப் பிரித்தனர். 1999-இல் பிரித்தானிய ஆய்வாளர் இருவர், பிரான்சில் கொழுப்புணவு மிகுந்தது அண்மைக் காலத்திலேதான், அதன் விளைவு சாவுக் கணக்கில் ஏற இன்னும் ஆண்டுகள் ஆகும் என்று காட்டினர். இதய நோய்ச் சாவுகளிற் சில அங்கே வேறு தலைப்பில் பதிவாவதையும் எடுத்துரைத்தனர். அதற்கும் முன், 1988-இலேயே, இன்னொரு குறை சுட்டப்பட்டிருந்தது. சிறிது குடிப்போர் அறவே குடியாதோரைவிட நலமாக வாழ்வதாகக் கணக்குகள் காட்டின. ஆனால் 'குடியாதோர்' என்ற அந்தக் கூட்டத்தில், நோய் வந்தபின் குடியை விட்டவர்களும் இருந்தனர். நோயாளியைக் குடியாதவர் வரிசையில் நிறுத்திவிட்டு, குடிப்பவரே நலமுடையவர் என்றால் அது சரியாகுமா?

ஒயின் அருந்துவோரின் வாழ்க்கைமுறையும் கணக்கைக் குழப்பியது. 2006-இல் டென்மார்க் நாட்டுக் கடைகளின் விற்பனைச் சீட்டுகளை ஆராய்ந்தபோது, ஒயின் வாங்குவோர் பழங்களும் காய்கறிகளும் ஆலிவும் மிகுதியாக வாங்குவதும், பீர் வாங்குவோர் வறுவலும் இறைச்சிப் பண்டங்களும் மிகுதியாக வாங்குவதும் தெரியவந்தன. காய்கறி செய்த நன்மைக்குக் கோப்பை பாராட்டுப் பெற்றது!

திராட்சைத் தோலில் 'ரெஸ்வெரட்ரால்' என்னும் ஒரு பொருள் உண்டு. சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்கவைப்பதால் அது சாற்றில் இறங்குகிறது. இதனை 2006-இல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நன்மை கண்டனர். ஆனால் ஒரு லிட்டர் ஒயினில் அது சில மில்லிகிராமே உள்ளது. எலிக்குக் கொடுத்த விகிதத்தை மனித உடலின் எடைக்கு நேராகக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் அருந்த வேண்டிவரும். இத்தாலியில் ஒயின் விளையும் கியாந்தி வட்டாரத்தில் ஏறத்தாழ 800 முதியோரை ஒன்பதாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. உணவின் வழி அப்பொருளை மிகுதியாகப் பெற்றவர் நீண்டநாள் வாழ்ந்ததாகவோ, அவர்க்கு இதய நோய் குறைந்ததாகவோ அதில் காணப்படவில்லை.

நம் போன்றோர் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் என்னும் மருத்துவ அறிஞர் தலைமையில் 52 நாடுகளில் மாரடைப்பின் காரணங்களை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். மொத்தக் கணக்கில் மது சிறு காப்பு அளிப்பதுபோல் தோன்றியது. ஆனால் தெற்காசிய மக்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அக்காப்பு காணப்படவில்லை. பிரெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதிய மருந்துச் சீட்டை, கோவில்பட்டியிற் பிறந்தவன் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது போலாயிற்று நம் கதை.

நம் நோயைப் பற்றியும் படித்தோம். 2020-இல் ஆஸ்திரேலியாவில், இதே நாடித் தடுமாற்றமுடைய 140 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினரை மதுவை விடச் சொல்லி ஆறு திங்கள் பார்த்தனர். விடச் சொன்ன கூறில் நூற்றுக்கு 53 பேருக்கும், வழக்கம்போல் அருந்திய கூறில் நூற்றுக்கு 73 பேருக்கும் நோய் மீண்டது. 2023 ஜனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம், மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதனையும் சொல்வதற்கில்லை என அறிவித்தது.

நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கோப்பை அருந்தியவர் அனைவரும் நோயுறுவர் என்று எந்த மருத்துவரும் கூறவில்லை. அளவு குறையக் குறையத் தீங்கும் குறையும். முதியோர்க்குச் சிற்றளவால் விளையும் நன்மை தீமை பற்றி ஆய்வாளரிடையே இன்னும் வாதம் உண்டு. நம் நாடி தடுமாறியதற்கு ஒயின் ஒன்றே காரணம் என்று நம் மருத்துவரும் சொல்லவில்லை; அகவையும், குருதியழுத்தமும், முன்பே பழுதுற்ற இதயமும் உடன் நிற்கின்றன. ஆனால் நலமாயிருக்கும் ஒருவர் நலத்துக்காக என்று சொல்லி இதனைத் தொடங்குவதற்கு இன்று எந்த அடிப்படையும் இல்லை. நோயாளிக்கோ கேடு மிகுதி. மது குருதியழுத்தத்தையும், குருதியிலுள்ள டிரைகிளிசரைடு கொழுப்பையும் உயர்த்தும். உறையாமைக்கு மருந்துண்போருக்குக் குருதிக்கசிவின் அச்சத்தைக் கூட்டும். இன்சுலின் போடுவோர்க்குச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தும். பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு சிற்றளவிலேயே உயரத் தொடங்குகிறது. பெண்களுக்கு ஏற்ற மென்மையான பானம் என்று இன்று விருந்துகளில் அதனை நீட்டுவோர் இதனை அறிதல் நன்று.

யவனர் சாடி

தமிழர் பண்பாட்டுக்கே இது புறம்பானது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து ஒயின் ஏற்றி வந்த 'அம்போரா' சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ்ந்து வாழ்க என்றே வாழ்த்துகிறார். அதியமான் மறைந்தபோது ஔவையார் அழுத பாட்டிலும் கள் வருகிறது. ஆங்கே அது கொடைக்கும் நட்புக்கும் அடையாளம். ஆனால் நாம் படித்தவரையில், இதயத்துக்கு நல்லது என்று சொல்லி எவரும் அருந்தியதாகச் சங்கச் சான்றோர் பாடவில்லை. அவர்கள் மகிழ்ச்சிக்கு அருந்தினர். மகிழ்ச்சி என்றே சொன்னார்கள். மருந்து என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டது பிற்காலத்து நம் சாமர்த்தியம்.

வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரத்தையே ஒதுக்கினார். நூலின் 93-ஆம் அதிகாரம் அது. அதில் ஓரிடத்தில் தாயை நினைவூட்டுகிறார். பள்ளியில் அக்குறளை மனனம் செய்தபோது அதில் ஏன் தாய் வரவேண்டும் என்று நமக்குப் புரிந்ததில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில் புரிந்தது.

கடைசிப் பக்கம்

குளிர்ப்பெட்டியில் பாதி இருந்த புட்டியை நாமே தொட்டியில் ஊற்றினோம். பெரிய தியாகம் என்று சொல்லிக்கொள்வதற்கில்லை. ஆனால் எளிதாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. முதல் இரண்டு வாரம் இரவு ஒன்பது மணியானதும் கை தானே அலமாரிப் பக்கம் போயிற்று. உறக்கம் வரவில்லை. மருந்துக்கு இப்படி ஏங்குவதில்லை. காலையில் விழுங்கும் மாத்திரையை ஒருநாள் மறந்தால் உடல் அதனைத் தேடுவதில்லை. தேடியதனாலேயே அது மருந்தன்று என்பதை அறிந்தோம். இந்த ஆறாண்டுகளில் நெஞ்சின் சிறகடிப்பு இருமுறை வந்து போயிற்று. அதற்குமேல் வரவில்லை. இனி வராது என்று உறுதி சொல்லவும் எவராலும் ஆகாது.

மகனிடம் பேசுவதுதான் அதனினும் கடினமாக இருந்தது. அவன் அன்பினால் கொண்டுவந்தான். குற்றம் சாட்டும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் அவனுக்கும் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவன் வீட்டிலும் இரவுதோறும் இரண்டு கோப்பைகள் மேசைக்கு வருகின்றன. புனேக்குச் சென்றிருந்தபோது, மருத்துவர் கணக்குப் போட்ட தாளையும், அவன் அம்மாவின் பாற்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தையும் அவன்முன் வைத்தோம். பெரியப்பாவைப் பற்றியும் அன்றுதான் முழுமையாகச் சொன்னோம். காமாலையில் போனார் என்று மட்டுமே அதுவரை அவனுக்குச் சொல்லியிருந்தோம். குடும்ப மானம் கருதி மறைத்த செய்தி, தெரிந்திருந்தால் அந்தப் பொங்கலன்று அவன் கையைத் தடுத்திருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது. அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அம்மா எப்போதிலிருந்து எழுதினாங்க?" என்று மட்டும் கேட்டான். "முதல் புட்டியிலிருந்து" என்றோம். அதன்பின் அவன் என்ன செய்தான் என்பதை அவனே சொல்லட்டும், நாம் கேட்கவில்லை.

2022 ஜனவரியில் மராட்டிய அமைச்சரவை, பெரிய கடைகளில் மளிகைப் பொருளுக்கு அருகிலேயே ஒயின் விற்க இசைவளிக்கும் முடிவை எடுத்தபோது, ஒயின் மதுவன்று என்னும் வாதமும் எழுந்தது. பெரும் எதிர்ப்பும் எழுந்தது. உழவர் நலம், வணிகம், வரி ஆகியவற்றைப் பற்றிப் பேச நமக்குத் தகுதியில்லை. அந்த ஒரு வாதத்தைப் பற்றி மட்டும் பேச ஏழாண்டுத் தகுதி உண்டு. விருப்பமுடையவர் ஒயினை ஒயின் என்றே அறிந்து, அளவறிந்து அருந்துவது அவரவர் உரிமை. ஆனால் இதயத்துக்கு நல்லது என்று சொல்லிப் பெற்றோருக்கோ, மாமனாருக்கோ, அறுவை முடிந்து திரும்பிய நண்பருக்கோ புட்டியைப் பரிசளிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவிவருகிறது. அதனை மட்டுமேனும் விட்டுவிடுவோம். பழம் நல்லதென்றால் பழமாகவே கொடுப்போம். திங்கள் மூன்று கடந்தால் நாசிக்குத் திராட்சை நம் தெருவில் தள்ளுவண்டியிலேயே வருகிறது.

சென்ற திங்கள் கண் பரிசோதனைக்குச் சென்றிருந்தோம். அங்கும் அந்தத் தாளை நீட்டினர். மது அருந்துவதுண்டா என்னும் வினாவுக்கு எதிரே, ஆம், இல்லை என்று இரு கட்டங்களே இருந்தன. நெடுநேரம் எழுதுகோலைப் பிடித்தபடி அமர்ந்திருந்தோம். 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த சிறிய இடத்தில், '2012 முதல் 2019 வரை அருந்தியதுண்டு' என்று எழுதினோம். தாளை வாங்கிய பெண் அதனைப் படித்ததாகத் தெரியவில்லை. அருகில் அமர்ந்திருந்த இல்லத்தாள் படித்தாள்.